எந்த நூற்றாண்டின் வெளிச்சம்? முன் இடைக்காலத் தேவாலயச் சாளரக் கிராதிகளின் ஆய்வும் மீட்டமைப்பும்

1. கேள்வி

ரோம் நகரின் அவென்டைன் குன்றின்மேல் நிற்கும் சாந்தா சபினா பசிலிக்காவைப் பற்றிய கட்டடக்கலை நூல்களில் பெரும்பாலும் ஒரே கோணத்தில் எடுத்த ஒளிப்படம் இடம்பெறுகிறது. இரு வரிசைகளில் 24 கொரிந்தியத் தூண்கள், அவற்றை இணைக்கும் வளைவுகள், மேலே அகன்ற சாளரங்கள், நடுக்கூடம் முழுதும் படரும் மென்மையான வெளிச்சம். 5-ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ வழிபாட்டிடம் எப்படி இருந்தது என்பதற்கு இந்தப் படமே சான்றாகக் காட்டப்படுகிறது. சுவர்களுக்கும் தூண் வரிசைக்கும் அந்தச் சான்று பொருந்தும், சாளரங்களுக்குப் பொருந்தாது. அவற்றை அடைத்து நிற்கும் துளையிட்ட கிராதிகள் 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் செய்து பொருத்தப்பட்டவை. அவற்றுக்கு மாதிரியாக அமைந்த பழைய துண்டுகளும் பொதுவாக 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவையாகவே கருதப்படுகின்றன.

ஆக, 5-ஆம் நூற்றாண்டுச் சுவரில், 9-ஆம் நூற்றாண்டு மாதிரியில், 20-ஆம் நூற்றாண்டுக் கைவேலை. அதன் வழியே உள்ளே விழும் வெளிச்சத்தை எந்தக் காலத்தில் வைப்பது? எஞ்சிய துண்டுகளிலிருந்து ஆய்வகம் எவ்வளவு சொல்ல முடியும்? அதற்கு மேல் மீட்டமைப்பாளர் தாமே முடிவுசெய்வது எவ்வளவு? இந்தக் கட்டுரை இக்கேள்விகளைச் சாந்தா சபினாவை மையமாக வைத்தும், இங்கிலாந்து, ஸ்பெயின், ராவென்னா எடுத்துக்காட்டுகளை அருகில் வைத்தும் ஆராய்கிறது.

2. பொருளும் தொழில்நுட்பமும்

முன் இடைக்காலத் தேவாலயச் சாளரம் பெரும்பாலும் இரண்டு உறுப்புகளால் ஆனது. ஒன்று, சுவர்த் திறப்பை நிரப்பும் கிராதி. இது பளிங்கு, சுண்ணக்கல், மரம், ஜிப்சம் சாந்து ஆகியவற்றில் ஒன்றால் செய்யப்பட்டது; வட்டம், சாய்சதுரம், மீன்செதில் போன்ற வடிவங்கள் திரும்பத் திரும்ப வரும்படி துளையிடப்பட்டது. மற்றொன்று, அத்துளைகளில் பதித்த ஒளி புகும் தகடு. அது கண்ணாடியாகவோ, மெல்லியதாக அறுத்த அலபாஸ்டராகவோ, செலினைட்டாகவோ இருந்தது.

செலினைட் என்பது ஜிப்சத்தின் தெளிவான படிக வடிவம். நாட்டு மருந்துக் கடைகளில் கற்பூரச் சிலாசத்து என்ற பெயரில் கிடைக்கும் கனிம வகைதான் இதுவும். காக்காப்பொன்னைப் போல இதையும் ஏடு ஏடாகப் பிரித்தெடுக்கலாம். மோஸ் கடினத்தன்மை அளவில் இதன் எண் 2. அதாவது நகத்தாலேயே கீறிவிடலாம். கத்தியும் ரம்பமும் கொண்டு வேண்டிய வடிவில் வெட்டும் வசதி இந்த மென்மையால் கிடைத்தது. கி.பி. 79-இல் இறந்த மூத்த பிளினி தம் ‘இயற்கை வரலாறு’ நூலின் 36-ஆம் புத்தகத்தில் இக்கல் கிடைக்கும் இடங்களைப் பட்டியலிடுகிறார். ஸ்பெயினின் செகோப்ரிகா நகரைச் சுற்றிய சுரங்கங்கள் அதில் முதன்மை பெறுகின்றன. சைப்ரஸ், கப்படோசியா, சிசிலி, ஆப்பிரிக்கா ஆகியவையும் வருகின்றன. இத்தாலியின் ரொமாஞ்ஞா பகுதி ஜிப்சம் குன்றுகளிலும் ரோமானியர் காலச் சுரங்கங்கள் அண்மைக் காலத்தில் கண்டறியப்பட்டுள்ளன.

இத்தகைய கிராதிகள் கிறித்தவ உலகுக்கு மட்டும் உரியவை அல்ல. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலில் வடிவியல் பின்னல் கொண்ட பளிங்குக் கிராதிகள் உண்டு. எரிகோவுக்கு அருகிலுள்ள கிர்பத் அல்-மஃப்ஜர் அரண்மனை அகழாய்விலும் சாந்துக் கிராதிகள் கிடைத்தன. ரோமானியக் கட்டுமான மரபிலிருந்து கிழக்கும் மேற்கும் ஒருசேரப் பெற்ற தொழில் இது. எனவே வடிவ ஒப்புமையை மட்டும் வைத்து ஒரு துண்டின் காலத்தையோ பிறப்பிடத்தையோ உறுதி செய்வது இடருடையது. ஒரே வட்டப் பின்னல் 5-ஆம் நூற்றாண்டிலும் வரும். 9-ஆம் நூற்றாண்டிலும் வரும்.

3. சாந்தா சபினா: திறந்ததும் மூடியதும்

இல்லிரியாவைச் சேர்ந்த பேதுரு என்னும் குரு, போப் முதலாம் செலஸ்டின் காலத்தில் (422–432) இந்தத் தேவாலயத்தை நிறுவினார் என்பதை உள்வாயிலின் மேலுள்ள மொசைக் கல்வெட்டு சொல்கிறது. போப் இரண்டாம் யூஜின் (824–827) இதைப் பெரிய அளவில் புதுப்பித்தார். 1587-இல் போப் ஐந்தாம் சிக்ஸ்டசுக்காக டொமெனிகோ ஃபொன்டானா மேற்கொண்ட மாற்றங்கள் இதன் தோற்றத்தையே மாற்றின. பாடகர் மேடை நீக்கப்பட்டது. பீட விதானமும் நீக்கப்பட்டது. சாளரங்கள் பல அடைக்கப்பட்டன. 1870-க்குப் பிறகு இத்தாலிய அரசு இந்த மடத்தைத் தொற்றுநோய் மருத்துவமனையாகவும் பயன்படுத்தியது.

கலை வரலாற்றாசிரியரும் மீட்டமைப்பாளருமான அன்டோனியோ முன்யோஸ் 1914–1919-லும் மீண்டும் 1936–1938-லும் இங்கே பணியாற்றினார். அடைக்கப்பட்ட சாளரங்களைத் திறந்தார். பழைய கிராதிகளின் துண்டுகளைக் கண்டெடுத்தார். அவற்றை மாதிரியாகக் கொண்டு புதிய கிராதிகளை அமைத்தார். சிதறிக் கிடந்த பலகைகளைச் சேர்த்துப் பாடகர் மேடையையும் மீண்டும் எழுப்பினார். ஃபொன்டானா காலத்து மாற்றங்கள் நீக்கப்பட்டன.

முன்யோஸின் பணி குறித்து இருவகை மதிப்பீடுகள் உண்டு. முதல் மதிப்பீட்டின்படி, இழந்துபோன ஒரு கட்டட வகையை அவர் கண்முன் நிறுத்தினார். சான்று இருந்த இடத்தில் சான்றைப் பின்பற்றினார். ரிச்சர்டு கிராட்ஹைமர் போன்ற கலை வரலாற்றாசிரியர்கள் 5-ஆம் நூற்றாண்டு ரோமானியப் பசிலிக்காவின் முன்மாதிரியாகச் சாந்தா சபினாவைக் கொள்ள முடிந்ததில் இந்த மீட்டமைப்புக்கும் பங்குண்டு. இரண்டாவது மதிப்பீட்டின்படி, அவர் செய்தது தெரிவு. பரோக் காலத்தை அழுக்கென்றும் தொடக்கக் கிறித்தவக் காலத்தைத் தூய்மையென்றும் பிரிக்கும் ரசனை அதில் இயங்கியது. இதே முன்யோஸ் 1930-களில் ரோம் நகராட்சியின் தொல்பொருள் பிரிவுத் தலைவராக, முசோலினியின் பேரரசுச் சாலைக்காக நடந்த இடிப்புகளில் பங்கேற்றார் என்பதையும் இந்தத் தரப்பினர் சேர்த்து வாசிக்கிறார்கள்.

இரண்டு மதிப்பீடுகளிலும் உண்மை உண்டு. ஆனால் கிராதிகளைப் பொறுத்தவரை இரண்டும் ஒரு சிக்கலைத் தொடாமல் விடுகின்றன. ஃபொன்டானாவின் சேர்க்கைகளை விட்டுவைப்பதா நீக்குவதா என்பதில் முன்யோஸுக்குத் தெரிவு இருந்தது. திறந்த சாளரத்தில் அந்தத் தெரிவு கிடையாது. அதை ஏதாவது ஒன்றால் மூடியே ஆகவேண்டும். எதைக் கொண்டு மூடுவது என்ற கேள்விக்குத் துண்டுகள் எவ்வளவு விடை தருகின்றன என்பதே இங்கே பார்க்கவேண்டியது.

4. ஆய்வகம் சொல்வதும் சொல்லாததும்

முன்யோஸ் கண்ணையும் அளவுகோலையும் நம்பினார். இன்றைய ஆய்வாளரிடம் கருவிகள் பல. ஒவ்வொரு கருவியும் எந்தக் கேள்விக்கு விடை தரும், எதற்குத் தராது என்று பிரித்துப் பார்ப்பது பயனுடையது.

அ. பொருள் எது? எக்ஸ் கதிர் விளிம்பு வளைவு முறையும் அகச்சிவப்பு நிறமாலையும் ஜிப்சம், சுண்ணாம்பு, பளிங்குத் தூள் ஆகியவற்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும். மெல்லிய வெட்டுத் துண்டை முனைவாக்க நுண்ணோக்கியில் பார்த்தால், சாந்து எப்படிச் சுடப்பட்டது, அதில் என்ன கலந்தது என்பதெல்லாம் தெரியும். ஜிப்சம் மாதிரியை வழக்கம்போல் 105 பாகை செல்சியஸில் உலர்த்தினால் அதன் படிக நீர் வெளியேறத் தொடங்கிவிடும். அதனால் 40 பாகை அளவிலேயே உலர்த்த வேண்டும். இதைத் தவறவிட்டால் ஆய்வு தானே உண்டாக்கிய மாற்றத்தைப் பழைய கைவினைஞரின் சூளைக்கு ஏற்றிச் சொல்ல நேரும்.

ஆ. எங்கிருந்து வந்தது? கந்தக, ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு விகிதங்கள் ஜிப்சப் படிவு உருவான கடல்நீரின் காலத்தைக் காட்டும். இங்கே மத்தியதரைக் கடலின் புவியியலே ஒரு தடை. சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அக்கடல் பெருமளவு வற்றத் தொடங்கியபோது படிந்த ஜிப்சம் சிசிலியிலும் சைப்ரஸிலும் ரொமாஞ்ஞாவிலும் இருக்கிறது. ஒரே கடல், ஒரே காலம் என்பதால் விகிதங்களும் நெருங்கியே வரும். வேறு காலப் படிவுகளை இம்முறை விலக்கிவிடும். ஒரு குறிப்பிட்ட சுரங்கத்தைச் சுட்டிக்காட்டுவது கடினம்.

இ. எப்போது செய்தது? கதிரியக்கக் கார்பன் கணிப்பு இங்கே நேரடியாக உதவாது. சுண்ணாம்புச் சாந்து இறுகும்போது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுகிறது. அந்தக் கார்பனை வைத்து அதன் காலத்தைக் கணிக்க இயலும். ஜிப்சம் கால்சியம் சல்பேட். இறுகும்போது நீரை மட்டுமே சேர்த்துக்கொள்கிறது. அதில் கணிப்பதற்குக் கார்பன் இல்லை. சாந்தில் சிக்கிய கரித்துகள், வைக்கோல், நாணல் ஆகியவற்றைத்தான் நம்பவேண்டும். கரி பழைய மரத்திலிருந்து வந்திருக்கலாம். அப்போது கிடைக்கும் ஆண்டு உண்மையைவிட முந்தியதாக இருக்கும். வைக்கோல் அந்தப் பருவத்தின் விளைச்சல் என்பதால் மேலும் நம்பகமானது. செலினைட் தகட்டின் நிலை இன்னும் மோசம். இடிந்த ரோமானிய மாளிகை ஒன்றின் சாளரத்திலிருந்து கழற்றிவந்து பதித்திருந்தாலும் தகடு அதைக் காட்டிக்கொடுக்காது.

ஈ. வடிவம் எப்படி? இதில் மீட்டமைப்பாளருக்குச் சாதகமான ஒரு வாதம் உண்டு. கிராதி திரும்பத் திரும்ப வரும் அலகுகளால் ஆனது. வளைவின் ஒரு சிறு பகுதி கிடைத்தால் வட்டத்தின் ஆரம் கிடைக்கும். இரு வட்டங்கள் சேரும் மூட்டு கிடைத்தால் பின்னலின் விதி கிடைக்கும். விளிம்புத் துண்டு ஒன்று இருந்தால் சட்டகத்தோடு பின்னல் எப்படி முடிகிறது என்பதும் தெரியும். ஆனால் இந்த வாதம் ஒரு சாளரத்துக்குள்ளேதான் செல்லும். அடுத்த சாளரத்திலும் அதே பின்னல்தான் இருந்தது என்பதற்கோ, பின்சுவர்ச் சாளரங்கள் பக்கச் சுவர்களைப் போலவே இருந்தன என்பதற்கோ துண்டு சாட்சி சொல்லாது.

உ. வெளிச்சம் எப்படி? தகட்டின் தடிமன், நிறம், எத்தனை துளைகளில் கண்ணாடி, எத்தனையில் செலினைட், எவை வெறுமனே திறந்திருந்தன என்ற விவரங்கள் எல்லாம் சேர்ந்துதான் உள்ளிருக்கும் ஒளியைத் தீர்மானிக்கின்றன. போப் மூன்றாம் லியோ (795–816) லாத்தரன் பசிலிக்காவின் பின்சுவர்ச் சாளரங்களைப் பலநிறக் கண்ணாடியால் அடைத்தார் என்று ‘போப்புகளின் வரலாறு’ என்னும் தொகுப்பு பதிவு செய்கிறது. அதே கோயிலின் மற்றச் சாளரங்கள் வேறு பொருளால் செப்பனிடப்பட்டன. ஒரே கட்டடத்துக்குள் பீடத்தருகே வண்ணமும் கூடத்தில் வேறொன்றுமாக அக்காலத்தவர் வேறுபடுத்தினர் என்பது இதனால் தெளிவாகிறது. சாந்தா சபினாவின் சீரான வெளிச்சத்தை அக்காலப் பொதுவழக்கு என்று கொள்ளத் தயங்கவேண்டிய காரணம் இதுவே.

மேலே கண்டவற்றைச் சுருக்கினால்: பொருளைப் பற்றிய அறிவு உறுதியானது, அலகு வடிவத்தைப் பற்றியது பெருமளவு உறுதியானது, காலத்தைப் பற்றியது மறைமுகமானது, முழு அமைப்பைப் பற்றியது ஊகம், வெளிச்சத்தைப் பற்றியது ஊகத்தின் மேல் ஊகம். நடுக்கூடத்தில் நிற்பவர் முதலில் உணர்வது இந்தக் கடைசி அம்சத்தைத்தான்.

5. மூன்று ஒப்பீடுகள்

ஜாரோ. இங்கிலாந்தின் வடகிழக்கில் பெனடிக்ட் பிஸ்காப் நிறுவிய மங்க்வேர்மத், ஜாரோ ஆகிய இரட்டை மடங்களுள் முதலாவதான மங்க்வேர்மத்துக்குக் கண்ணாடித் தொழிலாளர் கால் (Gaul) நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டனர் என்று அதே மடத்துத் துறவியான பீட் எழுதியிருக்கிறார். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரோஸ்மேரி கிராம்ப் தலைமையில் நடந்த அகழாய்வுகளில் வண்ணச் சாளரக் கண்ணாடிச் சில்லுகள் நிறையக் கிடைத்தன. வேதியியல் ஆய்வில் அவை நேட்ரான் வகைச் சோடாக் கண்ணாடி எனத் தெரிந்தது. பொட்டாசியம், மக்னீசியம் ஆக்சைடுகள் இரண்டும் ஏறத்தாழ 1.5 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது இவ்வகையின் அடையாளம். சாம்பலால் உருக்கிய பிற்காலக் கண்ணாடியில் அவை உயர்ந்திருக்கும். மூலக் கண்ணாடி கிழக்கு மத்தியதரைக் கரையில் உருக்கப்பட்டது என்பதே ஆய்வாளர் கருத்து. கைவினைஞர் கால் நாட்டிலிருந்து வந்தனர், பொருளோ அதற்கும் அப்பாலிருந்து வந்தது என்று பீடின் பதிவை ஆய்வகம் விரித்துச் சொல்கிறது.

ஜாரோ தேவாலயத்தின் பீடப்பகுதியில் சிறிய சாளரம் ஒன்றில் இந்தச் சில்லுகள் சிலவற்றைச் சேர்த்துப் பதித்திருக்கிறார்கள். கண்ணாடி 7-ஆம் நூற்றாண்டினது. அடுக்கிய முறை நம் காலத்தது. சாந்தா சபினாவோடு ஒப்பிட்டால் நிலைமை நேர் எதிர். அங்கே வடிவத்துக்குச் சான்று உண்டு, பொருள் புதியது. இங்கே பொருள் பழையது, வடிவத்துக்குச் சான்று இல்லை.

லில்லோ. ஸ்பெயினின் ஓவியேதோ நகருக்கு வெளியே நரான்கோ மலைச்சரிவில் உள்ள சான் மிகேல் தே லில்லோ, அஸ்தூரிய மன்னர் முதலாம் ரமீரோவின் காலத்தது (842–850). ஒற்றைக் கல்லைக் குடைந்து செதுக்கிய கிராதிகள் இதன் சிறப்பு. கல்லிலேயே செதுக்கியதால் பின்னலின் அமைப்பைப் பற்றி ஊகத்துக்கு இடமில்லை. ஆனால் மூலக் கட்டடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் எஞ்சியிருக்கிறது. கிராதி வழியே வந்த ஒளி எந்த வெளியை நிரப்பியதோ அந்த வெளி இன்று இல்லை. துளைகளில் தகடு பதித்திருந்தார்களா என்பதற்கும் விளிம்புப் பள்ளங்களையும் சாந்துத் தடங்களையும்தான் தேடிப் பார்க்கவேண்டும்.

ராவென்னா. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லா பிளாசிடியா நினைவு மண்டபத்தின் நீல மொசைக்குகளைத் தேன்நிற ஒளியில் கண்டு வியக்காதவர் இல்லை. அந்த ஒளியைத் தரும் அலபாஸ்டர் பலகைகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் அளித்தவை. நிலம் அமிழ்ந்ததால் தரையும் பழைய மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் அளவுக்கு உயர்த்தப்பட்டது. பார்ப்பவரின் கண்ணும் கூரையும் அதனால் நெருங்கிவிட்டன. மொசைக்குகள் பழையவை என்ற உறுதி, அவற்றைக் காட்டும் ஒளியும் பழையது என்ற நம்பிக்கையை அறியாமலே தூண்டிவிடுகிறது.

பொருள், வடிவம், வெளி ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று ஒவ்வொரு இடத்திலும் நம்பத்தக்கதாக இருக்கிறது. வெளிச்சம் எந்த இடத்திலும் மூலநிலையில் எஞ்சவில்லை.

6. மீட்டமைப்பின் எல்லை

கமில்லோ பொய்த்தோ 1883-இல் ரோம் மாநாட்டில் முன்வைத்த நெறிகளின் சாரம், புதியது புதியதாகத் தெரியவேண்டும் என்பது. 1931-இன் ஏதென்ஸ் சாசனமும் 1964-இன் வெனிஸ் சாசனமும் அந்த வழியில் வந்தவை. ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நிற்கவேண்டும் என்று வெனிஸ் சாசனத்தின் 9-ஆம் பிரிவு விதிக்கிறது. சேசரே பிராண்டியின் ‘மீட்டமைப்புக் கோட்பாடு’ (1963) இதற்குத் தத்துவ அடித்தளம் தந்தது.

சிற்பத்துக்கு இந்த விதி சரியாகப் பொருந்தும். கையிழந்த சிலையைக் கையில்லாமலே நிறுத்தலாம். அது யாருக்கும் தீங்கில்லை. கிராதி இழந்த சாளரத்தை அப்படி விட இயலாது. மழைநீர் சுவரில் இறங்கும், பறவை கூடுகட்டும், உள்ளே எஞ்சிய ஓவியமும் மொசைக்கும் சிதையும். வெறும் தெளிந்த கண்ணாடி போட்டுவிடுவது நடுநிலை எனச் சிலர் கருதுகின்றனர். அதுவும் ஒரு முடிவே: வடிகட்டிய ஒளிக்காகத் திட்டமிட்ட கூடத்தில் நேர்வெயிலைப் பாய்ச்சுகிறது. ஆகவே சாளரத்தில் ஊகத்தைத் தவிர்ப்பதற்கு வழியில்லை. 9-ஆம் பிரிவை எழுத்துக்கு எழுத்தாகக் கடைப்பிடிப்பதாகச் சொல்லும் மீட்டமைப்பும் இங்கே மறைமுகமாக ஊகித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஊகிக்கலாமா என்ற கேள்வி பயனற்றுப் போகும்போது, ஊகத்தை எப்படிப் பொறுப்போடு கையாள்வது என்ற கேள்வி எழுகிறது. அதற்கு மூன்று நிபந்தனைகளை முன்வைக்கலாம்.

முதலாவது, பழைய துண்டுகளைப் புதிய கிராதிக்குள் பதிக்காமல் தனியே காப்பது. ஜிப்சம் நீரில் கரையும்; ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 2 முதல் 2.5 கிராம் வரை. வெளிச்சுவரில் மழைக்கு நிற்கும் துண்டு ஆண்டுக்காண்டு தன் விளிம்பையும் கருவித் தடத்தையும் இழக்கும். வருங்கால ஆய்வுக்குச் சான்று அந்தத் தடங்கள்தாம்.

இரண்டாவது, பொருத்தமான துணைப்பொருள். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மீட்டமைப்பாளர்கள் போர்ட்லேண்ட் சிமெண்டை வலிமைக்காக விரும்பினர். ஈரமுள்ள இடத்தில் ஜிப்சத்தின் சல்பேட் சிமெண்டின் அலுமினேட்டுகளோடு வினைபுரிந்து எட்ரிங்கைட் என்னும் படிகத்தை உண்டாக்கும். அது பருத்து இணைப்பைப் பிளக்கும். தூய்மைப்படுத்துவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பளிங்கின் மேல் படிந்த கருமையான ஜிப்ச அடுக்கை நீக்க அமோனியம் கார்பனேட் பற்று போடுவது வழக்கமான முறை. கிராதியே ஜிப்சமாக இருந்தால் அதே பற்று கிராதியையே தின்னும். ஆய்வகத்தின் முதல் கேள்வியான ‘பொருள் எது’ என்பது அறிவுக்கு மட்டும் உரியதன்று. அதற்குத் தவறான விடை கிடைத்தால் சான்றே அழியும்.

மூன்றாவது, உறுதியின் அளவை வெளிப்படையாகச் சொல்வது. பொருள், வடிவம், இடம், வெளிச்சம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் சான்று எவ்வளவு என்று தனித்தனியே பதிவு செய்யவேண்டும். நம்பகத்தன்மை ஒரே அளவுகோலால் அளக்கத்தக்கதன்று என்று 1994-இன் நாரா ஆவணம் ஒப்புக்கொண்டது; வடிவம், பொருள், பயன்பாடு, மரபு, சூழல் எனப் பல பக்கங்களை அது பிரித்துக் காட்டியது. சாளரக் கிராதிக்கு இந்தப் பிரிவினை மிகவும் பொருந்துகிறது.

7. முடிவுரை

முன்யோஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதோ புகழ்வதோ இந்தக் கட்டுரையின் நோக்கமன்று. சாளரங்களை அடைத்தபடியே விட்டிருந்தால் ரோமின் மிக முழுமையான 5-ஆம் நூற்றாண்டுப் பசிலிக்கா இருட்டில் கிடந்திருக்கும். வெற்றுக் கண்ணாடி போட்டிருந்தால் கிராதி இருந்தது என்ற செய்தியே மறைந்திருக்கும். அவர் செய்தது நல்ல ஊகம். கோளாறு அதைப் பயன்படுத்துகிறவர்களிடம் நேர்ந்தது. ஒரு மீட்டமைப்பாளரின் முன்மொழிவை நூல்கள் மூல ஆதாரமாக எடுத்துக்கொண்டன. அதன் ஒளிப்படத்தை வைத்துத் தொடக்கக் கிறித்தவத்தின் ஒளிக்கொள்கை குறித்தும் வழிபாட்டு உணர்வு குறித்தும் பேசின. சான்றாகக் காட்டிய வெளிச்சமே அந்தப் பேச்சுக்கு இணங்க அமைக்கப்பட்டது என்ற வட்ட வாதம் அதில் ஒளிந்திருக்கிறது.

இதைத் திருத்துவதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. சாந்தா சபினாவின் உட்புற ஒளிப்படத்தின் கீழே ‘5-ஆம் நூற்றாண்டு’ என்று மட்டும் அச்சிடாமல், ‘சாளரக் கிராதிகள்: 9-ஆம் நூற்றாண்டுத் துண்டுகளின் அடிப்படையில், முன்யோஸ், 1914–1938’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். கல்லா பிளாசிடியாவின் படத்துக்கும் ஜாரோவின் வண்ணச் சாளரத்துக்கும் இதே முறை பொருந்தும். அந்த ஒரு வரியைப் படித்தவர், சுவரிலிருந்து எடுக்கும் முடிவையும் வெளிச்சத்திலிருந்து எடுக்கும் முடிவையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கமாட்டார்.